வெள்ளை நாரில் இருக்கிறதா எலும்புக்கு மருந்து?

ஸ்பெயினோடு இங்கிலாந்து போரிட்டுக்கொண்டிருந்த காலம். 1740-ல் கமடோர் ஜார்ஜ் ஆன்சன் தலைமையில் புறப்பட்ட போர்க்கப்பல்கள், தென் அமெரிக்காவின் தென்கோடியைச் சுற்றிப் பசிபிக் கடலுக்குள் நுழைவதற்குள் மாலுமிகள் கொத்துக்கொத்தாகச் செத்துப்போனார்கள். ஈறு வீங்கி, பல் ஆடி, தோலுக்கடியில் ரத்தம் கட்டி வந்த சாவு அது. ஸ்கர்வி நோய். அந்தப் பயணத்தைப் பற்றி, கப்பலின் பாதிரியார் ரிச்சர்ட் வால்டர் பெயரில் 1748-ல் வெளியான நூலில் ஒரு மாலுமியைப் பற்றிய குறிப்பு வருகிறது. 1690-ல் அயர்லாந்தில் நடந்த பாயின் போரில் காயம்பட்டவர் அவர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஆறிப்போன அந்தப் புண்கள் கப்பலில் மறுபடியும் வாய் பிளந்தன. எப்போதோ கூடிச் சேர்ந்துவிட்ட எலும்பும், ஒரு நாளும் கூடாததைப் போல விட்டுப் பிரிந்தது.

எலும்பு என்றதும் நமக்குக் கால்சியம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் கால்சியம் வந்து படிவதற்கு ஒரு சட்டகம் வேண்டும். கொலாஜன் என்ற புரத இழைகளால் ஆனது அந்தச் சட்டகம். இழைகளை முறுக்கி உறுதியாக்கும் வேலை வைட்டமின் சி இல்லாமல் நடக்காது. மாதக்கணக்கில் காய்கறி, பழம் கண்ணில் படாத மாலுமிக்குப் புதுக் கொலாஜன் உருவாகவில்லை. பழையது தேயத் தேய, கூடிய எலும்பும் பிரிந்தது. 1747-ல் ‘சாலிஸ்பரி’ என்ற கப்பலில் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி கண்ட 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தார். தினம் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் ஒரு வாரத்துக்குள் எழுந்து நடமாடினார்கள்.

ஆக, எலுமிச்சைக் குடும்பத்துக்கும் எலும்புக்கும் உள்ள உறவு புதிதல்ல. ஆனால் கடந்த இருபது ஆண்டுகளாக ஆய்வுக்கூடங்களில் பேசப்படுவது வைட்டமின் சி பற்றி அல்ல. ஆரஞ்சை உரிக்கும்போது சுளையோடு ஒட்டிக்கொண்டு வருமே, நாம் பொறுமையாகக் கிள்ளிக் கிள்ளி எடுத்துப் போடும் அந்த வெள்ளை நார், அதில் செறிந்திருக்கும் ஃபிளேவனாய்டு என்ற பொருட்களைப் பற்றி. மாதவிடாய் நின்ற பெண்களையும் வயதான ஆண்களையும் வதைக்கும் எலும்புப்புரையை இவை தடுக்குமா என்பதுதான் கேள்வி. ஆய்வாளர்கள் இன்னும் முழுப் பதிலைக் கண்டடையவில்லை. மாத்திரை டப்பாக்களில் மட்டும் பதில் ஏற்கெனவே அச்சாகிவிட்டது. இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்த அவசரம்தான்.

இடிப்பதும் கட்டுவதும்

எலும்பு ஒருமுறை வளர்ந்து நின்றுவிடும் பொருள் அல்ல. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் பழைய எலும்பை அமிலம் சுரந்து கரைக்கின்றன. அவை விட்டுப்போன குழியில் ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற செல்கள் புது எலும்பைப் போடுகின்றன. பெரியவர்களின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதிதாகிறது. முப்பது வயது வரை கட்டுபவர்களின் கை ஓங்கியிருக்கும். பிறகு இரண்டும் சமமாக ஓடும். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்போது கணக்கு தப்பிப்போகிறது.

காரணம் ஈஸ்ட்ரோஜன். கரைக்கும் செல்களைப் பிறப்பிக்கும் ‘ராங்க்-எல்’ என்ற புரதச் சமிக்ஞையை இந்த ஹார்மோன் அடக்கி வைத்திருக்கிறது. ஹார்மோன் வற்றியதும் சமிக்ஞை பெருகுகிறது, கரைப்பு முந்துகிறது. மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் முதுகெலும்பு ஆண்டுக்கு 2 சதவீதம் வரைகூட அடர்த்தியை இழக்கலாம். வலி இருக்காது. வெளியே எதுவும் தெரியாது. ஒரு நாள் குளியலறையில் வழுக்கி, தடுக்க ஊன்றிய கையின் மணிக்கட்டு முறியும்போதுதான் விஷயம் தெரிய வரும். சிலருக்கு முதுகெலும்புக் கட்டைகள் சத்தமில்லாமல் நசுங்கி, கூன் விழுந்து, உயரம் குறையும். எல்லாவற்றிலும் மோசமானது இடுப்பு எலும்பு முறிவு. அதற்குப் பிறகு பழையபடி நடமாடாமல் படுக்கையோடு போன பாட்டிகளை நம்மில் பலர் குடும்பத்திலேயே பார்த்திருப்போம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முழங்கால் வலிக்கும் மூட்டுத் தேய்மானம் வேறு, இந்த எலும்புப்புரை வேறு. இரண்டையும் நம் ஊரில் ‘எலும்புத் தேய்மானம்’ என்ற ஒரே பெயரில் அழைக்கிறோம். மூட்டு வலிக்கு வாங்கிய தைலமும் மாத்திரையும் எலும்பின் அடர்த்தியை ஒரு துளிகூடக் கூட்டாது.

வைட்டமின் பி அல்ல, வைட்டமின் ‘பீ’

ஆரஞ்சுத் தோலின் வெள்ளைப் பகுதியிலிருந்து ஹெஸ்பெரிடின் என்ற பொருளை 1828-லேயே லெப்ரெட்டான் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பிரித்துவிட்டார். அடுத்த நூறு ஆண்டுகளுக்கு அதை வைத்து என்ன செய்வதென்று யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றியது ஆல்பர்ட் செயின்ட்-ஜியார்ஜிக்கு. வைட்டமின் சி ஆய்வுகளுக்காக 1937-ல் நோபல் பரிசு பெற்ற ஹங்கேரிய விஞ்ஞானி. தோலுக்கடியில் ரத்தம் கசியும் நோயாளிகளுக்குத் தூய்மையாக்காத எலுமிச்சைச் சாறும் குடைமிளகாய்ச் சாறும் பலன் தந்தன. தூய வைட்டமின் சி கொடுத்தபோது பலன் இல்லை. அப்படியானால் பழத்தில் இன்னொரு பொருள் இருக்க வேண்டும் என்று அவரும் இஸ்த்வான் ருஸ்னியாக்கும் 1936-ல் அறிவித்தார்கள். எலுமிச்சையிலிருந்து எடுத்த அந்தக் கலவைக்கு ‘சிட்ரின்’ என்று பெயர். அதில் பெரும்பங்கு வகித்த பொருட்களில் ஒன்று ஹெஸ்பெரிடின். வைட்டமின் வரிசையில் ஆங்கிலத்தின் 16-வது எழுத்தான ‘பீ’யையும் கொடுத்தார்கள். நமக்குப் பழக்கமான பி-காம்ப்ளெக்ஸ் வேறு. ஆனால் அந்தச் சோதனைகள் மற்றவர்களின் கையில் உறுதியாகத் திரும்ப நடக்கவில்லை. அது இல்லாததால் வரும் குறைபாட்டு நோய் என்று ஒன்றைக் காட்டவும் முடியவில்லை. 1950-ல் அந்த வைட்டமின் பெயரே கைவிடப்பட்டது.

எலும்புக் கதைக்கு இது தொடர்பில்லாத பழங்கதை என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நோபல் விஞ்ஞானியின் கண்ணில் பளிச்சிட்ட பலன்கூட, இன்னொருவர் செய்து பார்க்கும்போது நிலைக்காமல் போகலாம். இதே பொருள், இதே பழம். இன்றைய எலும்பு ஆய்வுகளைப் படிக்கும்போது இந்த முன்கதை மனதில் இருக்க வேண்டும்.

ஹெஸ்பெரிடின் மருந்துக் கடையை விட்டுப் போய்விடவும் இல்லை. மூலநோய்க்கும் காலில் நரம்பு சுருண்டு புடைக்கும் வெரிகோஸ் நோய்க்கும் நம் ஊரில் மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் ‘டாஃப்லான்’ மாத்திரையில் இருப்பது டயோஸ்மினும் ஹெஸ்பெரிடினும்தான்.

எலிகள் சொன்ன நல்ல செய்தி

எலும்புப்புரை ஆய்வில் வழக்கமான சோதனை ஒன்று உண்டு. பெண் எலிகளின் சினைப்பையை அகற்றிவிடுவார்கள். மாதவிடாய் நின்ற பெண்ணின் நிலை சில வாரங்களிலேயே எலிக்கு வந்துவிடும், எலும்பு வேகமாகக் கரையத் தொடங்கும். 2003-ல் ஜப்பானிய ஆய்வுக் குழு ஒன்று இத்தகைய சுண்டெலிகளின் தீவனத்தில் ஹெஸ்பெரிடினைக் கலந்து கொடுத்தது. நான்கே வாரங்களில் வித்தியாசம் தெரிந்தது. தொடை எலும்பின் இழப்பு தடுக்கப்பட்டது, கரைக்கும் செல்களின் எண்ணிக்கை குறைந்தது, கூடவே ரத்தத்திலும் கல்லீரலிலும் கொழுப்பு இறங்கியது. எலிகளின் கர்ப்பப்பை மட்டும் எந்த மாற்றமும் காட்டவில்லை. இந்தக் கடைசி விவரம் முக்கியமானது. ஈஸ்ட்ரோஜனைப் போல நடிக்கும் பொருள் என்றால் கர்ப்பப்பையும் பருத்திருக்கும், புற்றுநோய் அச்சமும் கூடவே வரும். ஹெஸ்பெரிடின் வேறு வழியில் வேலை செய்கிறது.

எந்த வழி? கொழுப்பும் எலும்பும் ஒரே சோதனையில் சேர்ந்து மாறியதில் ஒரு துப்பு இருக்கிறது. உடல் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் வேதிப் பாதையில்தான் ஸ்டாட்டின் மாத்திரைகள் குறுக்கிடுகின்றன. எலும்புப்புரைக்குத் தரப்படும் அலண்ட்ரோனேட் வகை மருந்துகளும் அதே பாதையின் கீழ்ப்பகுதியில்தான் கைவைக்கின்றன. 1999-ல் அமெரிக்காவின் சான் ஆன்டோனியோவில் கிரெகரி மண்டி குழுவினர், ஸ்டாட்டின்கள் எலிகளில் புது எலும்பைத் தூண்டுவதைக் காட்டினார்கள். ஹெஸ்பெரிடினும் அதன் உறவுப் பொருளான நாரிஞ்சினும் இப்படி ஒரு வழியில் செயல்படலாம் என்று கருத இடமிருக்கிறது. ராங்க்-எல் சமிக்ஞையை மட்டுப்படுத்துவது, அழற்சியைத் தணிப்பது என்று மற்ற வழிகளும் செல் ஆய்வுகளில் தென்பட்டிருக்கின்றன.

பிரான்சில் வெரோனிக் கோக்ஸம் குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. சினைப்பை அகற்றிய எலிகளில் மட்டுமல்ல, எந்தக் குறையும் இல்லாத எலிகளிலும் எலும்பின் மீது ஹெஸ்பெரிடினின் தாக்கம் தெரிந்தது. ஆண்களையும் விட்டுவிடவில்லை. டெக்சாஸில் ஃபர்சாத் தெய்ஹிம் என்ற ஆய்வாளர், விரை அகற்றப்பட்ட வயதான ஆண் எலிகளுக்கு ஆரஞ்சுச் சாறும் கிரேப்ஃப்ரூட் சாறும் கொடுத்து, எலும்பின் வலிமை மேம்பட்டதாக 2006-ல் எழுதினார். ஜப்பானில் மாண்டரின் தோலில் உள்ள நோபிலிட்டின் என்ற பொருளும் சுண்டெலிகளின் எலும்பு இழப்பைத் தடுத்தது.

கிரேப்ஃப்ரூட், பம்ப்ளிமாஸ் ஆகியவற்றின் கசப்புக்குக் காரணம் நாரிஞ்சின். ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவத் துறையைச் சேர்ந்த ரிக்கி வாங், பக்ர் ரபி இருவரும் முயல்களின் மண்டையோட்டில் சிறு குழி உண்டாக்கி, நாரிஞ்சின் கலந்த கொலாஜனால் நிரப்பினார்கள். வெறும் கொலாஜன் வைத்த குழியைவிட இதில் பல மடங்கு புது எலும்பு வளர்ந்தது. இவர்கள் இந்தப் பொருளைத் தேடிப் போனதற்கு ஒரு பின்னணி உண்டு. எலும்பு முறிவுக்குச் சீன மருத்துவம் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ‘கு சுயி பு’ என்ற பெரணிக் கிழங்கின் முக்கியப் பொருளும் நாரிஞ்சின்தான். அந்தப் பெரணி டிரைனேரியா பேரினத்தைச் சேர்ந்தது. கொல்லிமலைக்குப் போனவர்கள் சாலையோரம் சூப் போட்டு விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கைப் பார்த்திருப்பார்கள். அதுவும் அதே பேரினம். கை, கால், மூட்டு வலிக்கு மலைமக்கள் அதைத்தான் காய்ச்சிக் குடிக்கிறார்கள். ஒரே பேரினம் என்பதால் ஒரே மருந்துப் பொருள், ஒரே அளவு என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனாலும் ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள் ஒரே குடும்பத்துச் செடியை எலும்புக்கும் மூட்டுக்கும் எடுத்திருக்கிறார்கள் என்பது தமிழ்நாட்டு ஆய்வுக்கூடங்கள் நின்று கவனிக்க வேண்டிய விஷயம்.

குடலில் நடப்பது

எலியிலிருந்து மனிதருக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஹெஸ்பெரிடின் தனியாக இருப்பதில்லை. அதன் ஒரு முனையில் இரட்டைச் சர்க்கரை ஒன்று ஒட்டியிருக்கிறது. அந்தச் சர்க்கரையைக் கழற்றும் என்சைம் நம் சிறுகுடலில் கிடையாது. அதனால் நாம் தின்ற ஹெஸ்பெரிடின் பெருங்குடல் வரை அப்படியே போகிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையை வெட்டிவிட்ட பிறகுதான் ஹெஸ்பெரெட்டின் என்ற வடிவத்தில் ரத்தத்தில் ஏறுகிறது. ஆரஞ்சுச் சாறு குடித்து 5 முதல் 7 மணி நேரம் கழித்தே ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொடுகிறது. எவ்வளவு ஏறும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஏனெனில் அவரவர் குடலில் இருக்கும் பாக்டீரியா வேறு. ஒரே பந்தியில் ஒரே பழத்தைத் தின்ற இருவரில் ஒருவருக்குச் சேர்வது இன்னொருவருக்குச் சேராமல் போகலாம்.

ரத்தத்தில் ஏறியதும் கதை முடிவதில்லை. குடல் சுவரும் கல்லீரலும் அதன் மேல் வேறு மூலக்கூறுகளை ஒட்டி, சிறுநீரில் வெளியேற்றத் தயார்ப்படுத்திவிடுகின்றன. எலும்புச் செல்லைச் சென்று தொடுவது பெரும்பாலும் இந்த மாறிய வடிவம்தான். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களின் மேல் தூய ஹெஸ்பெரெட்டினை ஊற்றிப் பார்க்கும் பல ஆய்வுகளில் இந்த உண்மை விடுபட்டுப்போகிறது. உடலுக்குள் ஒருபோதும் வந்து சேராத வடிவத்தில், ஒருபோதும் எட்டாத அளவில் ஊற்றிக் கிடைக்கும் பலனுக்கு நான் பெரிய மதிப்புத் தரமாட்டேன்.

இந்தத் தடையைத் தாண்ட ஒரு வழியைக் கண்டார்கள். என்சைம் மூலம் இரட்டைச் சர்க்கரையில் ஒன்றை முன்கூட்டியே வெட்டிவிட்டால், மிச்சம் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அப்படி மாற்றிய பொருளைக் கொடுத்தபோது எலிகளின் எலும்பு சாதாரண ஹெஸ்பெரிடினைவிட நன்றாகக் காப்பாற்றப்பட்டது என்று 2009-ல் ஓர் ஐரோப்பியக் குழு காட்டியது. பலன் பொருளில் மட்டும் இல்லை, அது எவ்வளவு உள்ளே போய்ச் சேருகிறது என்பதிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

அடுத்தது அளவு. எலி ஆய்வுகளில் தீவனத்தில் 0.5 சதவீதம் ஹெஸ்பெரிடின் கலப்பது வழக்கம். கேட்கச் சின்ன எண். ஒரு மனிதர் நாளொன்றுக்கு நீர் நீங்கலாக அரைக் கிலோ உணவு உண்பதாக வைத்துக்கொண்டால், அதே விகிதத்துக்கு 2.5 கிராம் ஹெஸ்பெரிடின் வேண்டும். ஒரு லிட்டர் ஆரஞ்சுச் சாறில் தோராயமாக அரை கிராம்தான் கிடைக்கும். ஐந்து லிட்டர் குடிக்க வேண்டும். ஒரு லிட்டர் சாறில் 80 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. வீட்டுக்கு ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று ஆகிவிட்ட நம் ஊரில், எலும்பைக் காப்பாற்ற இப்படி ஒரு வழியை யாரும் சொல்லத் துணியக் கூடாது.

பன்னிரண்டு பெண்கள்

மனிதரில் செய்த சோதனைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் எனக்கு மிகவும் நேர்த்தியாகப் பட்டது அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் கோனி வீவர் குழுவினர் செய்து 2016-ல் வெளியிட்டது. கால்சியம்-41 என்ற மிக அரிய ஐசோடோப்பை மிகச் சிறு அளவில் உடலில் செலுத்துவார்கள். அது எலும்பில் போய்ப் படிந்துவிடும். அதன் பிறகு சிறுநீரில் எவ்வளவு வெளியேறுகிறது என்று துகள் முடுக்கியின் உதவியோடு அளந்தால், எலும்பு எந்த வேகத்தில் கரைகிறது என்பது தெரிந்துவிடும். மாதவிடாய் நின்ற 12 பெண்களிடம் இப்படி அளந்தார்கள். ஹெஸ்பெரிடின் கலந்த தயிர் மட்டும் கொடுத்தபோது குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அதோடு கால்சியமும் வைட்டமின்களும் சேர்ந்த கலவை ஒன்றையும் கொடுத்தபோது எலும்பில் கால்சியம் தங்குவது 5.5 சதவீதம் கூடியது.

இதில் ஹெஸ்பெரிடினுக்குச் சேர வேண்டிய பங்கு எவ்வளவு, கால்சியத்துக்குச் சேர வேண்டியது எவ்வளவு? 12 பேரை வைத்து அதைத் தீர்க்க முடியாது. ஆனால் ஒன்று தெரிகிறது. கால்சியம் இல்லாத தட்டில் ஃபிளேவனாய்டு மட்டும் வந்து எதையும் சாதித்துவிடாது.

ஸ்காட்லாந்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் உணவுப் பழக்கத்தைப் பதிவு செய்து, 2011-ல் அபர்டீன் ஆய்வாளர்கள் வெளியிட்ட அறிக்கை வேறு கோணத்தைத் தந்தது. உணவில் ஃபிளேவனாய்டு அதிகம் இருந்தவர்களின் எலும்பு அடர்த்தி சற்றே கூடுதலாக இருந்தது. குறிப்பாக ஆரஞ்சு வகைப் பழங்களில் இருக்கும் ஃபிளேவனோன்களை அதிகம் உண்டவர்களின் எலும்புக் கரைப்புக் குறியீடுகள் குறைந்திருந்தன. தொடர்பு இருக்கிறது, ஆனால் மெல்லியது. பழம் அதிகம் தின்பவர்கள் பொதுவாக நன்றாக நடக்கிறார்கள், குறைவாகப் புகைக்கிறார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எச்சரிக்கையாக இருக்க இரண்டு காரணங்கள் வரலாற்றில் உண்டு. எலிகளில் எலும்பு வளர்த்த ஸ்டாட்டின், மனிதர்களிடம் எலும்பு முறிவைக் குறைக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் பங்கேற்ற ‘ஜூப்பிட்டர்’ சோதனையின் தரவுகளை அலசியபோது இது தெரிந்தது. இப்ரிஃபிளேவோன் என்ற செயற்கை ஃபிளேவனாய்டையும் எலும்புக்கு நல்லது என்று விற்றார்கள். ஐரோப்பாவில் 474 பெண்களிடம் மூன்று ஆண்டுகள் சோதித்து 2001-ல் வந்த முடிவில், எலும்பு இழப்பை அது தடுக்கவில்லை. அதை உட்கொண்ட பெண்களில் சிலருக்கு ரத்தத்தில் நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை குறைந்தது. செடியில் பிறந்த குடும்பம் என்பதாலேயே மாத்திரை பாதுகாப்பானதாகிவிடாது.

மிக்காபி ஊரின் பழம்

ஜப்பானில் ஹமனா ஏரிக் கரையில் மிக்காபி என்ற ஊர் இருக்கிறது. மலைச்சரிவெல்லாம் ‘மிகான்’ என்ற கொட்டையில்லாத மாண்டரின் தோட்டங்கள். குளிர்காலம் முழுக்க மக்கள் அதைக் கூடை கூடையாகத் தின்கிறார்கள். சுகியூரா மினோரு என்ற ஆய்வாளரும் சக ஊழியர்களும் 2003-ல் தொடங்கி அந்த ஊர் மக்களின் ரத்தத்தையும் எலும்பு அடர்த்தியையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து அளந்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களில், மிகானின் நிறப்பொருள் ரத்தத்தில் அதிகம் இருந்தவர்களுக்குப் பின்னாளில் எலும்புப்புரை வருவது குறைவாக இருந்தது. 2015-ல் ஜப்பான் அரசின் புதிய விதிமுறைப்படி, எலும்பு நலனுக்கு உதவும் உணவு என்று அட்டையில் எழுதி விற்கும் வாய்ப்பு மிக்காபி மிகானுக்குக் கிடைத்தது. பதப்படுத்தாத விளைபொருட்களில் அந்த இடத்தை முதலில் எட்டியவற்றில் அதுவும் ஒன்று.

அந்த நிறப்பொருள் ஃபிளேவனாய்டு அல்ல. பீட்டா-கிரிப்டோசாந்தின் என்ற கரோட்டினாய்டு. பழத்துக்கு மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்தைத் தருவது. நம் ஊர்ப் பப்பாளியிலும் நிறைய உண்டு. எலி ஆய்வுகள் எல்லாம் ஃபிளேவனாய்டின் பக்கம் குவிந்திருக்க, ஊர் மக்களை வைத்துச் செய்த ஆய்வு அதே பழத்தின் இன்னொரு பொருளைச் சுட்டுகிறது. கொலாஜனுக்கு வேண்டிய வைட்டமின் சி, கூடவே பொட்டாசியம், நார்ச்சத்து எல்லாம் அதே பழத்தில் இருக்கின்றன. பழத்திலிருந்து ஒரு பொருளை மட்டும் பிரித்தெடுத்து, பலனெல்லாம் அதனுடையது என்று சொல்வதற்கு இன்றைய நிலையில் ஆதாரம் இல்லை. மாத்திரையைவிடப் பழத்தின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தட்டுக்கு வருவோம்

சாத்துக்குடி ஜூஸ் கடையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தோலைச் சீவி, பிழிந்து, வடிகட்டி, சர்க்கரை போட்டுக் கொடுக்கிறார்கள். ஹெஸ்பெரிடினில் பெரும்பகுதி சக்கையோடு குப்பைக் கூடைக்குப் போய்விடுகிறது, நம் கைக்கு வருவது இனிப்புத் தண்ணீர். அதே சாத்துக்குடியை உரித்து, வெள்ளை நாரை முழுவதும் கிள்ளாமல், சுளையாகத் தின்றால் நாரும் சேரும், சர்க்கரையும் மெதுவாக ஏறும். இதற்குக் கூடுதலாக ஒரு பைசா செலவில்லை.

தோலோடு தின்னும் வழக்கம் நம் சமையலறையில் ஏற்கெனவே இருக்கிறது. நார்த்தங்காயை உப்பில் ஊறவைத்துக் காயவைத்ததும், எலுமிச்சை ஊறுகாயும் அதுதான். ஆனால் உப்பின் கணக்கையும் சொல்லியாக வேண்டும். உடலில் சேரும் ஒவ்வொரு 2,300 மில்லிகிராம் சோடியத்துக்கும் சுமார் 40 மில்லிகிராம் கால்சியம் சிறுநீரில் போய்விடுகிறது. ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்பின் கணக்கு இது. ஊறுகாயால் எலும்பைத் தேற்ற முடியாது. நார்த்தங்காயைப் பச்சடியாகவோ உப்புக் குறைந்த சாதமாகவோ செய்து உண்பது நல்லது.

அடிப்படைத் தேவை மாறவே இல்லை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 என்று நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் பரிந்துரைத்திருக்கிறது. நூறு கிராம் ஆரஞ்சில் இருப்பது சுமார் 40 மில்லிகிராம். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350, முருங்கைக் கீரையில் 300-க்கு மேல். எள்ளும் பாலும் தயிரும் முள்ளோடு தின்னும் நெத்திலியும் இருக்கின்றன. கேழ்வரகுக் களிக்குப் பின் இரண்டு சுளை ஆரஞ்சு என்பது நல்ல சேர்க்கை. அதோடு தோலில் வெயில் பட வேண்டும், கால் நடக்க வேண்டும், கை எடை தூக்க வேண்டும். இழுத்து வேலை வாங்காத எலும்பை உடல் காப்பாற்றி வைப்பதில்லை.

பம்ப்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட் இரண்டிலும் எச்சரிக்கை வேண்டும். கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர் 1989-ல் ஒரு ரத்தக் கொதிப்பு மாத்திரையை ஆல்கஹாலோடு சேர்த்துச் சோதித்தபோது, சுவையை மறைக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார்கள். ரத்தத்தில் மாத்திரையின் அளவு எதிர்பார்த்ததைவிடத் தாறுமாறாக ஏறியது. முதலில் பழி நாரிஞ்சின் மேல் விழுந்தது. பிறகு ஃபூரனோகூமரின் என்ற பொருட்கள்தான் முக்கியக் காரணம் என்று கண்டார்கள். மருந்துகளைச் சிதைக்கும் குடல் என்சைமை அவை முடக்கிவிடுகின்றன. சில ரத்தக் கொதிப்பு மாத்திரைகள், சில கொலஸ்ட்ரால் மாத்திரைகள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்கள் உட்கொள்ளும் சைக்ளோஸ்போரின் ஆகியவற்றோடு இந்தப் பழங்கள் ஆபத்தாகலாம். சாத்துக்குடியிலும் கமலா ஆரஞ்சிலும் இந்தச் சிக்கல் பொதுவாக இல்லை.

இனி வேண்டியது இன்னொரு எலி ஆய்வு அல்ல. மாதவிடாய் நின்ற சில நூறு பெண்களை, போதிய கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்து, இரண்டு மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து, பாதிப் பேருக்கு நார் சேர்ந்த பழமோ ஹெஸ்பெரிடினோ தந்து எலும்பு அடர்த்தியை அளக்கும் நேர்மையான சோதனை வேண்டும். பழம் இங்கே விளைகிறது. ஜூஸ் கடைகளின் தோல் மூட்டை மூட்டையாக வீணாகிறது. நோயாளிகளும் மருத்துவக் கல்லூரிகளும் இங்கேயே இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் தமிழ்நாட்டின் மருத்துவ, வேளாண் பல்கலைக்கழகங்களும் கைகோத்தால் இந்தச் சோதனையை யாருடைய மாத்திரை வியாபாரத்துக்கும் கட்டுப்படாமல் செய்ய முடியும். செய்ய வேண்டும்.

அதுவரை ஒரு வேண்டுகோள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குச் சின்னத் தடுமாற்றத்திலேயே எலும்பு முறிந்தால், அதை விதி என்று விட்டுவிடாமல் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். புரை கண்டு அலண்ட்ரோனேட் மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால், காலையில் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு மட்டும் விழுங்குங்கள். ஆரஞ்சு ஜூஸோடு விழுங்கினால் அந்த மருந்து உடலில் சேரும் அளவு சுமார் 60 சதவீதம் குறைந்துவிடும்.